ஒரு கட்டமும் காலி இல்லை

— அந்த ராஜினாமாக் கடிதத்தை அப்படி ஓரமா வைம்மா. முதல்ல இன்னைக்கு லிஸ்டை முடிச்சுக்கறேன். எட்டேகாலுக்கு மணி அடிச்சுடுவாங்க.

— ரெண்டு மாசமா ஓரமாத்தான் மேடம் இருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பலைன்னா அந்த வேலை எனக்கு இல்லை. நேத்து ஃபோன்லயே சொல்லிட்டாங்க, இனிமே காத்திருக்க முடியாதுன்னு.

— போடமாட்டேன்னா சொன்னேன்? பார்ப்போம்.

— அதான் பயமா இருக்கு. நீங்க பார்ப்போம்னு சொன்ன எதையும் இந்தப் பள்ளிக்கூடத்துல யாரும் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

— காலங்காத்தாலேயே என் வாயைக் கிளறாதே. ஏழு சி முதல் பீரியடுக்கு யாரைப் போடறது? அறிவியல் சாருக்கு மறுபடியும் முதுகு வலி. வரலாறு டீச்சர் பிரசவத்துக்குப் போயாச்சு. விளையாட்டு சாரைக் கணக்கெடுப்பு வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. இதுல நாலு இடம் வேற மூணு வருஷமா ஆளே இல்லாமக் கிடக்கு.

— எனக்கு முதல் பீரியட் வகுப்பு இல்லை. அதைத்தானே சுத்தி வளைச்சுக் கேட்கறீங்க?

— நான் எங்கேம்மா கேட்டேன்?

— நீங்க கேட்கலை. உங்க பேனா என் பேருல பாதியை எழுதிடுச்சு. இங்கிருந்தே தெரியுது.

— கைப்பழக்கம். சரி விடு, அடிச்சுடறேன். எங்கே போறேன்னு சொன்னே? ஆஸ்பத்திரியா?

— ஆஸ்பத்திரியில பழைய பதிவேடு வைக்கிற அறை. தரைத்தளத்துக்கும் கீழே. ஜன்னல்கூடக் கிடையாது.

— பன்னெண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவ அங்க போய் என்ன பண்ணுவே?

— உட்காருவேன்.

— அது மட்டுமா?

— தண்ணி குடிப்பேன். யார்கிட்டயும் சொல்லிக்காம பாத்ரூம் போவேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா, அதை மூடறவரைக்கும் ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க. இதைப் பார்க்கறதுக்காகவே நான் ஒரு தடவை அங்க போய் அரை மணி நேரம் நின்னேன் மேடம். அங்க இருக்கற அம்மா ஒரு ஃபைலை எடுத்தாங்க, தூசியைத் தட்டினாங்க, திரும்ப வச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— பைத்தியம்.

— இருக்கலாம். முந்தாநாள் என் மக வீட்டுப்பாடத்தை எடுத்துட்டு வந்து ஒரு சந்தேகம் கேட்டா. சொல்லிக் கொடுத்தேன். முடிச்சுட்டு, அடுத்து யாருன்னு கேட்டேன். வீட்டுல அவ ஒருத்திதான் இருந்தா.

— சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வருது. சிரிச்சா தொண்டை வலிக்குது.

— டாக்டர் பத்து நாள் பேசவே கூடாதுன்னு சொன்னாரே. என்ன ஆச்சு?

— பேசாமத்தான் வகுப்பு எடுக்கறேன். போர்டுல எழுதறேன், லீடர் பொண்ணு எழுந்து உரக்கப் படிக்கறா. நான் கையைக் காட்டறேன். நல்லாத்தான் நடக்குது. அது இருக்கட்டும், இந்தப் படிவம் ஒண்ணு இருக்கு. வேலையை விட்டுப் போறவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்பணுமாம். ஆசிரியர்களைத் தக்கவைக்கறதைப் பத்தி போன மாசம் ஒரு நாள் பூராவும் கூட்டம் நடத்தினாங்கல்ல, அதுல கொடுத்தது.

— அந்தக் கூட்டத்துக்கு நீங்க போனதால உங்க வகுப்பையெல்லாம் அன்னைக்கு நாங்க எடுத்தோம்.

— சரி விடு. கேட்கறேன், பதில் சொல்லு. பணியை விடுவதற்கான முதன்மைக் காரணம். ஊதியம், குடும்பம், உடல்நலம், தூரம், மற்றவை. எதுக்கு டிக் போடட்டும்?

— மற்றவைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்காங்க?

— ஒரு வரி.

— அப்ப உடல்நலம்னு போட்டுடுங்க. அதுதான் சின்னதா முடியும்.

— ஒழுங்கா சொல்லும்மா. நான் பின்னாடி பக்கத்துல எழுதிக்கறேன். யாராவது ஒருத்தர் படிச்சாலும் லாபம்தானே.

— நிஜமாவே எழுதுவீங்களா?

— பேனாவைத் திறந்தாச்சு பாரு.

— சரி, சொல்றேன் கேளுங்க. மழைக்கு முன்னாடி ஒரு இங்கிலீஷ் டீச்சர் வந்தாளே, சின்னப் பொண்ணு, கலர் கலரா சாக்பீஸ் வாங்கிட்டு வந்தா. எத்தனை நாள் இருந்தா?

— பதினோரு நாள்.

— முதல் நாளே அவளுக்கு ஒன்பது டி கொடுத்தீங்க. நானே அந்த வகுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு மூச்சை இழுத்து விட்டுட்டுத்தான் போவேன்.

— வேற யாரும் அதை எடுக்க மாட்டேன்னுட்டாங்களே. நான் என்ன பண்ண?

— அதைத்தான் சொல்றேன். ஒருத்தரும் வேணாம்னு தள்ளின வகுப்பு, ஒருத்தரும் வேணாம்னு தள்ளின கடைசி பீரியட், கால் ஆடற நாற்காலி, எல்லாத்தையும் புதுசா வந்தவ தலையில கட்டினோம். அவ அழுதுட்டுப் போனதும் ஏன் போனான்னு கூட்டம் போடறோம். அவளை ஒரு மாசம் என் வகுப்புல பின்னாடி பெஞ்சுல உட்கார வச்சிருக்கலாம். நானும் ரெண்டு நாள் அவ வகுப்புல போய் உட்கார்ந்திருப்பேன். திட்டறதுக்கு இல்லை. பக்கத்துல ஒரு ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு.

— உனக்கு எங்கேம்மா நேரம்?

— அதையும் எழுதிக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு பீரியட், ஒரே ஒரு பீரியட், அதை யாரும் தொடக்கூடாது. கட்டடத்துல நெருப்புப் பிடிச்சா மட்டும் கூப்பிடலாம். அந்த நேரத்துல நோட்டுத் திருத்துவேன், இல்லைன்னா சும்மா மேஜையில தலையை வச்சுப் படுத்திருப்பேன். இந்த வருஷம் எனக்கு அப்படி எத்தனை பீரியட் கிடைச்சுது தெரியுமா?

— தெரியும். லிஸ்ட் போடறவ நான்தானே.

— மேடம், டீ. கணக்கு டீச்சர், உங்களுக்கும்தான். சூடு ஆறறதுக்குள்ள குடிச்சுடுங்க. மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கு. நான் சொல்லலை, கடிகாரம் சொல்லுது.

— வைங்க அண்ணே. லிஸ்ட் இன்னும் ஆகலை.

— ஆள் பத்தலைன்னா என்னைப் போட்டுடாதீங்க மேடம். நான் மணி அடிக்கறவன். போன வாரம் ஆறு பி-க்கு அனுப்பிட்டீங்க. வாய்ப்பாடு சொல்லுங்கடான்னு ஆரம்பிச்சேன். ஏழாம் வாய்ப்பாட்டுல அதுங்க என்னைத் திருத்திச்சுங்க. அன்னையிலிருந்து வராந்தாவுல என்னைப் பார்த்தா, ஏழெட்டு எவ்வளவு சார்னு கேட்குதுங்க.

— எவ்வளவுன்னு சொன்னீங்க அண்ணே?

— கணக்கு டீச்சரைக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். வரேன் மேடம். மணி அடிக்கறதுக்கு முன்னாடி வந்து லிஸ்டை வாங்கிக்கறேன்.

— அவரை ஆறு பி-க்கு அனுப்பினது எனக்குத் தெரியாதே. அந்த பீரியடுக்குப் பதிவேட்டுல யார் கையெழுத்து?

— என் கையெழுத்துத்தான். நான் பக்கத்து அறையில இருந்தேன். நடுக் கதவு திறந்துதான் இருந்துச்சு.

— மேடம், ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு நாள், ஒரே ஒரு பீரியட், ஒரு வகுப்பு ஆள் இல்லாம இருந்தா என்ன ஆயிடும்?

— அதை என்கிட்ட கேட்காதே.

— இல்லை, நிஜமாத்தான் கேட்கறேன்.

— நாலு வருஷம் முன்னாடி ஆறு ஏ-யில ஒரு பொண்ணுக்கு அடிபட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நீ அன்னைக்கு லீவு.

— கதவுல விரல் மாட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க.

— மாட்டிக்கலை. வெட்டிக்கிச்சு. அன்னைக்கு மூணு பேர் லீவு. கடைசி பீரியடுக்கு ஒரு கட்டம் நிரம்பலை. நாற்பது நிமிஷம்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேன். நீ இப்ப கேட்டியே, அதே மாதிரிதான் நினைச்சேன். பசங்க விளையாட்டுக்குத்தான் கதவைத் தள்ளினாங்க. அந்த இரும்புக் கதவு. நான் ஓடிப்போய்ப் பார்க்கறேன், அவ அழவே இல்லை, கையைப் பார்த்துக்கிட்டே நிக்கறா. ரெண்டு விரல் நுனி தரையில கிடக்கு. அதைக் கைக்குட்டையில சுத்தி எடுத்துக்கிட்டு அவளையும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒட்டலைம்மா.

— ஆள் இல்லாத வகுப்புலதான் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது மேடம்.

— இப்ப பத்தாவது படிக்கறா. இடது கையால எழுதப் பழகிட்டா. தினமும் காலையில என்னைப் பார்த்தா நின்னு வணக்கம் சொல்லிட்டுப் போறா. அவங்க அம்மா ஒரு வார்த்தை என்னைக் கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி அவங்க வீட்டு வாசல்ல நின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், நான் இருக்கற வரைக்கும் என் லிஸ்ட்டுல ஒரு கட்டமும் காலியா இருக்காதுன்னு. இருந்ததும் இல்லை.

— தெரியும். அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு நேத்திலிருந்து முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

— சொல்லு. இனிமே என்ன வெட்கம்.

— நான் முந்தாநாள் அரை நாள் லீவு போட்டேன்ல, வீட்டு வேலைன்னு சொன்னேன். பொய். கல்வி ஆபீஸுக்குத்தான் போனேன். என் கடிதம் ஒருவேளை அங்க போயிருக்குமோன்னு ஒரு நப்பாசை.

— இந்த மேஜையை விட்டே அது போகலையேம்மா.

— அங்க போய்த்தானே தெரிஞ்சுது. அங்க ஒரு கிளார்க் இருக்காரே, மூக்கு நுனியில கண்ணாடி போட்டுக்கிட்டு. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார் மேடம். ரொம்ப நல்ல பள்ளிக்கூடமாச்சேன்னார். எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. நாலு இடம் காலியா இருக்கு, மூணு வருஷமா எங்க மேடம் எழுதி எழுதி ஓய்ஞ்சுட்டாங்க, ஏன் ஒரு ஆளைக்கூட அனுப்பலைன்னு கேட்டேன். அவர் நம்ம ஃபைலை எடுத்துத் திறந்து காட்டினார். மாசாமாசம் நீங்க அனுப்பற பட்டியல். ஆசிரியர் இல்லாததால நடக்காத பாடவேளை எத்தனைன்னு ஒரு கேள்வி. அதுக்கு நேரா உங்க கையெழுத்துல, அழகா, ஒரு பூஜ்யம். அடுத்த மாசம் ஒரு பூஜ்யம். அதுக்கு அடுத்த மாசமும்.

— நடக்காம ஒண்ணும் போகலையே. உண்மையைத்தானே எழுதினேன்.

— உண்மைதான். ஆனா அவங்ககிட்ட இருக்கறதே கொஞ்சம் ஆளுங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல வகுப்பு நடக்கலையோ அங்கதான் முதல்ல அனுப்பறாங்களாம். உங்களுக்குத்தான் எல்லா வகுப்பும் நடக்குதே டீச்சர், அப்புறம் எதுக்கு ஆளுன்னார். ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துல மாசம் அறுபது பீரியட் காலின்னு எழுதினாங்களாம். ரெண்டு பேரை அனுப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் கணக்கு.

— ம்.

— உங்களைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை மேடம். சத்தியமா இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆபீஸ்ல ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாம இங்க உயிரைக் கொடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பறோம், நிரப்பறதாலேயே யாரும் வரமாட்டேங்கறாங்க, யாரும் வராததால இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ஓடறாங்க. மூணு வருஷத்துல ஒன்பது பேர் மேடம். நான் பத்தாவது.

— நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். டீயைக் குடி, ஆறிப்போச்சு.

— டீ கிடக்கட்டும். வகுப்பையும் எடுத்துட்டு, பட்டியல்ல மட்டும் காலின்னு எழுதினா என்ன?

— பிள்ளைங்க நோட்டைச் சரிபார்க்க ஆபீஸ்லேருந்து வருவாங்க. தேதி போட்டு எழுதியிருக்கும்ல. பொய் எழுதினா அதோட போச்சு, அப்புறம் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டாங்க.

— அப்ப பொய் வேணாம். நிஜமாவே விடுங்க. இன்னைக்கு எத்தனை கட்டம் நிரம்பலை?

— ஆறு.

— ஆறையும் அப்படியே விடுங்க. நாளைக்கும் விடுங்க. ஒரு மாசம் விட்டாப் போதும், ரெண்டு பேராவது வருவாங்க. மேடம், இங்க பாருங்க. நீங்க மட்டும் இன்னைக்கு அந்த ஆறு கட்டத்தையும் காலியா விட்டீங்கன்னா நான் எங்கேயும் போகலை. இந்தக் கடிதத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நானே ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்.

— நிஜமாவா சொல்றே?

— எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? பன்னெண்டு வருஷம் மேடம். ஒன்பது டி-யில ஒரு பையன், போன வாரம்தான் முதல் முதலா பின்னத்தைத் தப்பில்லாமக் கூட்டினான். அந்த நோட்டை எடுத்துக்கிட்டு சாப்பாட்டு நேரம் பூராவும் என் பின்னாடியே சுத்தினான். அவனைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு இந்தக் கடிதம்தான் ஞாபகம் வருது. எனக்கு மூச்சு விட ஒரு வழி வேணும், அவ்வளவுதான். ஆள் வருவாங்கன்னு தெரிஞ்சா தாங்கிக்குவேன்.

— காலியா விட்டா ஏழு சி-யில யார் இருப்பாங்க?

— யாரும் இருக்கமாட்டாங்க. சத்தம் போடுவாங்க. போடட்டும். அண்ணனை வராந்தாவுல நிக்கச் சொல்லலாம்.

— அவர் ஒரே ஆளு. இங்க கதவு பதினெட்டு.

— தினமுமா மேடம் விரல் போகும்?

— தினமும் போகாது.

— அப்புறம் என்ன?

— எந்த நாள் போகும்னு தெரியாதும்மா. அதான்.

— நானும் தாய்தான் மேடம். எனக்குப் புரியாம இல்லை. ஆனா இப்படியே போனா அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க, குரலும் இல்லாம. அப்ப அந்தப் பதினெட்டுக் கதவையும் யார் பார்த்துக்குவா? ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கலாம் மேடம். நான் கூட இருக்கேன்.

— அந்தக் கடிதத்தை இங்க கொடு.

— கிழிக்கப் போறீங்களா?

— கொடும்மா. அந்த சீலையும் எடு, உன் கைக்குப் பக்கத்துல இருக்கு பாரு.

— மேடம்.

— நல்லா எழுதியிருக்கே. ஒருத்தர் மேலயும் குறை சொல்லலை. இங்கதானே கையெழுத்து? தேதி இன்னைக்குத்தான் போடறேன். பத்து மணிக்கு அண்ணன்கிட்ட கொடுத்து நேரா ஆபீஸுக்கே அனுப்பிடறேன், நாலு மணி வரைக்கும் வைக்க வேணாம். ஒரு நகல் நீ வச்சுக்கோ.

— நான் கேட்டது இது இல்லை.

— ரெண்டு மாசமா இதைத்தானே கேட்டே.

— மேடம், லிஸ்ட். ஒரு நிமிஷம்தான் இருக்கு. நான் சொல்லலை, கடிகாரம்.

— இந்தாங்க அண்ணே. ஒட்டிடுங்க.

— ஏழு சி-க்கு உங்க பேர். எட்டு பி-க்கும் உங்க பேர். மேடம், காலியா இருந்த ஆறு கட்டத்துலயும் உங்க பேர்தான் இருக்கு. மூணாவது பீரியடுல ரெண்டு இடத்துல இருக்கீங்க.

— அது ரெண்டும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுக் கதவைத் திறந்து வச்சுக்கறேன். நீங்க போங்க, மணியை அடிங்க.

— நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட மேடம் பேசினேன்? அந்தப் பூஜ்யத்தாலதான் ஒருத்தரும் வரலைன்னு இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகுமா ஆறு கட்டத்தையும் நிரப்பிட்டீங்க?

— இன்னைக்கு இல்லைம்மா. அந்தக் கிளார்க் இதை எனக்கு மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டார்.